வேலைக்கு வரையறை தந்த அம்பேத்கர்

இராசபாளையம் வட்டாரத்துச் சாலைகளில், சோழபுரம் போன்ற ஊர்களின் பேருந்து நிறுத்தங்களில் விடியற்காலையில் நின்று பார்த்தால், நூற்பாலைகளின் வண்டிகள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்வதைக் காணலாம். கையில் சாப்பாட்டுப் பாத்திரம், கண்ணில் கலையாத தூக்கம். எல்லாரும் ஒரே ஆலைக்குத்தான் போகிறார்கள். ஒரே கூரையின் கீழ், ஒரே பஞ்சுத் தூசிக்கு நடுவேதான் நிற்கப் போகிறார்கள். ஆனால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் அனைவரும் ஒன்றல்லர். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. அருகில் அமர்ந்திருப்பவர் பதிலி. யாரேனும் வராத நாளில் மட்டுமே அவருக்கு வேலை. மூன்றாமவர் தொழில் பழகுபவர். நான்காமவர் ஒப்பந்தக்காரரின் ஆள். ஆலையின் பதிவேட்டில் அவர் பெயரே இராது.

இந்த வேறுபாடு சாதாரண நாள்களில் எவருக்கும் தெரிவதில்லை. இயந்திரத்தில் விரல் சிக்கும்போது தெரிகிறது. பேறுகாலம் நெருங்கும்போது தெரிகிறது. ஆலை ஆள்குறைப்பு செய்யும்போது தெரிகிறது. அப்போதுதான், தாம் எந்த வகையில் வேலைக்குச் சேர்ந்தோம், எந்தத் தாளில் கையெழுத்திட்டோம் என்ற கேள்வியே பலருக்கும் எழுகிறது.

நிரந்தரம், தகுதிகாண் பருவம், பதிலி, தற்காலிகம், தொழில் பழகுநர் என்னும் இந்த வகைப்பாடு இந்திய அளவில் சட்டத்தில் ஏறியது 1946ஆம் ஆண்டில். தொழில் வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம் என்பது அதன் பெயர். அதற்கான மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் முன்னின்று நிறைவேற்றியவர், வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

அரசமைப்புச் சட்டத்தைச் செதுக்கியவராகவும், தீண்டாமைக்கு எதிராகப் போராடியவராகவும் அம்பேத்கரை நாடு அறியும். பொருளியல் மாணவர்கள் ரூபாயின் சிக்கல் குறித்த அவரது ஆய்வு நூலையும் அறிவார்கள். நானும் வகுப்பறையில் அந்த நூலைப் பற்றிப் பல ஆண்டுகள் பேசியிருக்கிறேன். ஆனால், 1942 முதல் 1946 வரை அவர் தொழிலாளர் துறையில் செய்தவற்றைப் பற்றி ஒரு வகுப்பு கூட எடுத்ததில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அந்த நான்காண்டுகள் அவருடைய வாழ்வில் தற்செயலாக வந்து போனவை அல்ல. வேலை, ஒப்பந்தம், ஊதியம் ஆகிய மூன்றும் அவரது வாழ்க்கை நெடுகிலும் தொடர்ந்து வந்த கேள்விகள்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவின் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் அவர் பிறந்தார். தந்தை ராம்ஜி, பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதார் நிலையில் இருந்தவர். மகர் சமூகத்தாருக்குப் படைவேலை என்பது வெறும் சம்பளம் அல்ல. கிராமத்துக்கு வெளியே கிடைத்த ஒரே மரியாதையான வாழ்வு அதுவே. படையில் சேர்ந்தவருக்குச் சம்பளம் இவ்வளவு, வேலை இன்னது, ஓய்வூதியம் இவ்வளவு என்ற கணக்கு இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, அந்தக் கணக்குள்ள வாழ்வின் கதவும் அடைபட்டது.

கிராமத்தில் அவர்களுக்கு இருந்த வேலைக்கோ கணக்கே கிடையாது. மகர் வதன் என்பது பரம்பரை ஊழியம். சிறு நிலத்துண்டு ஒன்றை மானியமாகக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக ஊர்க்காவல், ஓலை கொண்டு செல்லுதல், வரிப்பணத்துக்குத் துணை போதல், அதிகாரிகளுக்கு ஏவல் செய்தல், செத்த மாட்டை அப்புறப்படுத்துதல் என எதை வேண்டுமானாலும், எந்த நேரத்தில் வேண்டுமானாலும் செய்யச் சொல்லலாம். முறைக்காரர் ஊரில் இல்லாவிட்டால் அவர் வீட்டிலுள்ள வேறொருவரை இழுத்துச் செல்லலாம். வேலையின் எல்லை எது, நேரம் எவ்வளவு, கூலி என்ன என்று எங்கும் எழுதப்படவில்லை. மறுப்பதற்கு வழியும் இல்லை. நம் ஊர்களில் இருந்த பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இளமையிலேயே ஒப்பந்தம் ஒன்றின் கனத்தை அவர் தம் தோளில் தாங்க நேர்ந்தது. 1913இல் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவருக்கு அமெரிக்காவில் படிக்க உதவித்தொகை வழங்கினார். படிப்பு முடிந்ததும் பரோடா அரசில் பத்தாண்டுகள் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அதற்கான உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டே கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கிருந்து லண்டன் சென்று பொருளியலும் சட்டமும் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, கொடுத்த வாக்கைக் காப்பாற்றப் பரோடாவுக்குத் திரும்பினார்.

அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்களே அவர் கையில் கோப்பைக் கொடுக்க மறுத்து மேசைமேல் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஊரில் தங்க எவரும் இடம் தரவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேறச் சொன்னது. கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதிவிட்டு வந்த அந்த இளைஞர், ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதுவிட்டு பம்பாய்க்கு இரயில் ஏறினார். உடன்படிக்கை ஒரு தரப்பை மட்டுமே கட்டியிருந்தது. வேலை செய்ய உகந்த நிலைமையைத் தர வேண்டிய கடமை மறுதரப்புக்கு எழுதப்படவில்லை. பணி ஒப்பந்தம் என்பது காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது, அதில் இரு தரப்பின் கடமையும் இருக்க வேண்டும் என்ற பாடம் அவருக்கு இப்படித்தான் வாய்த்தது.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். அதுவும் தற்காலிகப் பணியே. சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும், கோலாப்பூர் மன்னரின் உதவியையும், நண்பரிடம் வாங்கிய கடனையும் கொண்டு 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். 1923இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்சி. பட்டத்தோடும், வழக்குரைஞர் தகுதியோடும் திரும்பினார்.

1927இல் பம்பாய் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகச் சென்றவுடன் அவர் கையில் எடுத்த முக்கியமான காரியங்களுள் ஒன்று வதன் முறை. 1928இல் அதைத் திருத்த மசோதா கொண்டுவந்தார். ஊழியத்தின் அளவு வரையறுக்கப்பட வேண்டும். உரிய ஊதியம் தரப்பட வேண்டும். விரும்பாதவர்கள் அதிலிருந்து விடுபட வழி வேண்டும் என்பதே அதன் சாரம். மசோதா நிறைவேறவில்லை. அவர் மறைந்து இரண்டாண்டுகள் கழித்து, 1958இல்தான் கீழ்நிலைக் கிராம வதன்களை ஒழிக்கும் சட்டம் பம்பாய் மாநிலத்தில் வந்தது.

அதே 1928இல், ஆலைப் பெண்களுக்குப் பேறுகால உதவி வழங்கும் மசோதா பம்பாய் சட்டமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்குப் பேறுகாலத்தில் ஓய்வு தருவது நாட்டின் நலன் சார்ந்தது. அந்தப் பெண்ணின் உழைப்பால் பயன் பெறும் முதலாளி அதன் செலவில் பங்கேற்பதே முறை என்பது அவரது வாதம். 1929இல் அது சட்டமாயிற்று. பேறுகால உதவிக்கென இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் சட்டம் அதுவே. சென்னை மாகாணத்தில் 1934இல் அத்தகைய சட்டம் வந்தது.

1928ஆம் ஆண்டு பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெடிய வேலைநிறுத்தம் நடந்த ஆண்டும் ஆகும். அப்போது அவர் எடுத்த நிலைப்பாடு தொழிற்சங்க வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படுவது. மாதக்கணக்கில் நீண்ட அந்த வேலைநிறுத்தத்தை அவர் ஆதரிக்கவில்லை. அன்றாடக் கூலியை நம்பியிருந்த எளியவர்கள் கடனில் மூழ்குவார்கள் என்பது அவருடைய அச்சம். அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை அவர் எழுப்பினார். அக்காலத்தில் நெசவுப் பிரிவில்தான் கூலி கூடுதல். தறியின் நாடாவில் நூல் கோக்க, நூல்முனையை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். எச்சில் படும் என்று சொல்லி, தீண்டப்படாதார் எனப்பட்டவர்களை அந்தப் பிரிவில் சக தொழிலாளர்களே அனுமதிக்கவில்லை. கூலி குறைந்த நூற்புப் பிரிவில் மட்டுமே அவர்களுக்கு இடம். முதலாளியின் அநீதிக்கு எதிராகப் போராடும் தொழிற்சங்கம், தொழிலாளிக்குத் தொழிலாளி செய்யும் அநீதியையும் தன் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார்.

ஒருவருடைய பணிநிலை அவரது திறமையால் அமைய வேண்டுமே தவிர, பிறப்பாலோ மேஸ்திரியின் தயவாலோ அமையக் கூடாது என்ற கருத்தை அங்கே காண்கிறோம். அக்காலத்து ஆலைகளில் ஆள் எடுப்பதும் நீக்குவதும் மேஸ்திரிகளின் கையில் இருந்தன. மேஸ்திரிக்கு மாமூல் கொடுத்தவருக்கு வேலை; கொடுக்காதவர் பதிலியாகக் காலையில் வாசலில் காத்து நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். எழுத்தில் விதி இல்லாத இடத்தில் ஆளின் விருப்பே விதியாகிவிடுகிறது.

1936 ஆகஸ்ட் மாதம் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். இராசபாளையத்தில் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கி, இந்த வட்டாரம் ஆலைத்தொழிலுக்குள் நுழைந்ததும் அதே ஆண்டில்தான். 1937 தேர்தலில் அம்பேத்கரின் கட்சி போட்டியிட்ட இடங்களில் பெரும்பாலானவற்றை வென்று பம்பாய் சட்டமன்றத்தில் அமர்ந்தது. கொங்கணப் பகுதியின் கோத்தி நிலமுறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், உழைக்கும் மக்களுக்குப் பகை இரண்டு, ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளியம் என்று அறிவித்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் தொழில் தகராறு மசோதா வந்தது. சமரச நடைமுறைகள் முடியுமுன் வேலைநிறுத்தம் செய்தால் சிறைத்தண்டனை என்றது அது. இதை எதிர்த்து அம்பேத்கர் ஆற்றிய உரை, பணி ஒப்பந்தம் குறித்த மிகத் தெளிவான விளக்கங்களுள் ஒன்று. வேலைக்கு வராமல் நிற்பது ஒப்பந்த மீறல். ஒப்பந்த மீறல் என்பது உரிமையியல் தவறு. அதற்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால், அதைக் குற்றமாக்கிச் சிறைக்கு அனுப்புவது, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்யக் கட்டாயப்படுத்துவதே ஆகும். அதற்கு அடிமைத்தனம் என்று பெயர். வேலைநிறுத்த உரிமை என்பது விடுதலைக்கான உரிமையின் இன்னொரு பெயரே. இவையே அவரது வாதத்தின் படிகள்.

இந்த வாதத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. 1859ஆம் ஆண்டின் தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டப்படி, முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், முதலாளியின் புகாரின் பேரில் நீதிபதி அவரை வேலைக்குத் திரும்பச் சொல்லலாம். மறுத்தால் சிறையில் அடைக்கலாம். 1925இல்தான் அது நீக்கப்பட்டது. முன்பணத்தின் பெயரால் மனிதரைக் கட்டிவைக்கும் வழக்கம் அந்தச் சட்டம் போன பிறகும் போய்விடவில்லை என்பதை விசைத்தறிக் கூடங்களையும் செங்கல் சூளைகளையும் அறிந்தவர்கள் அறிவார்கள்.

1938 நவம்பர் 7 அன்று, அந்த மசோதாவை எதிர்த்து நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்ட் தலைவர்களோடு அம்பேத்கர் ஒரே மேடையில் நின்றார். மசோதா சட்டமாகிவிட்டது. ஆயினும், அவர் எதிர்த்த அதே சட்டத்தில் நல்ல கூறு ஒன்று இருந்தது. ஆலை நிர்வாகம் தன் பணி விதிகளை எழுதி, அரசு அதிகாரியின் ஒப்புதல் பெற வேண்டும் என்ற ஏற்பாடு அது. எட்டாண்டுகள் கழித்து அந்த ஏற்பாட்டை நாடு முழுமைக்கும் விரிவுபடுத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது. சிறைத்தண்டனையை எதிர்த்தவர், எழுத்து விதியை ஏற்றார்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். உலகப் போர் உச்சத்தில் இருந்த காலம். காங்கிரஸ் தலைவர்கள் ஆகஸ்டில் சிறைக்குப் போனார்கள். அவ்வேளையில் ஆங்கில அரசில் பதவி வகித்ததற்காக அவர் மீது எழுந்த கண்டனம் கடுமையானது. அதை அவர் அறிந்தே ஏற்றார். பதவியேற்ற சில நாள்களில், ஆகஸ்ட் 7 அன்று, அரசு, முதலாளிகள், தொழிலாளர்கள் ஆகிய முத்தரப்பும் ஒரே மேசையில் அமரும் மாநாட்டை டெல்லியில் கூட்டினார். அதுவே நிலையான அமைப்பாகி, இந்தியத் தொழிலாளர் மாநாடு என்ற பெயரில் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் வியப்பு ஏற்படும். 1943 டிசம்பரில் தன்பாத் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் இறங்கி நேரில் பார்த்தார். 1944 ஜனவரி இறுதியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவசரச் சட்டத்தின் வழியே உருவானது. தொழிலாளர்களின் கூலி, வீடு, கடன் ஆகியவற்றை நாடளாவிய முறையில் ஆராய விசாரணைக் குழு அமைந்தது. பேராசிரியர் பி.பி. அதார்க்கர் தயாரித்த நோய்க்காப்பீட்டு அறிக்கை 1944இல் வந்தது. 1945இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, ஓராண்டு தொடர்ந்து பணிபுரிந்தவருக்கு ஊதியத்துடன் பத்து நாள் விடுப்பு உறுதியானது. 1946இல் மீண்டும் திருத்தப்பட்டு, ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி நேரம் என்றிருந்த வேலை 48 மணி நேரமாகக் குறைந்தது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று நாம் இன்று இயல்பாகச் சொல்வது அப்படித்தான் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மசோதாவையும் அறிமுகப்படுத்தினார். 1948இல் அது சட்டமாயிற்று. அதார்க்கர் அறிக்கையிலிருந்து பிறந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமும் 1948இல் நிறைவேறியது. இன்று ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அந்த அறிக்கைக்குக் கடன்பட்டவரே.

எல்லாமே வெற்றி என்று எழுதுவது வரலாறாகாது. போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டைச் சொல்லி, பெண்கள் சுரங்கத்துக்கு அடியில் வேலை செய்யக் கூடாது என்றிருந்த தடையை 1943இல் அரசு விலக்கியது. தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் அதைச் சட்டமன்றத்தில் ஆதரித்துப் பேச வேண்டியதாயிற்று. ஆணுக்குரிய அதே கூலி பெண்ணுக்கும் என்ற நிபந்தனையை அவர் எடுத்துக்காட்டினாலும், பெண்கள் அமைப்புகளின் கண்டனம் ஓயவில்லை. 1946 பிப்ரவரியில்தான் தடை திரும்பியது. தொழிற்சங்கங்களை முதலாளிகள் கட்டாயம் அங்கீகரிக்க வேண்டும் என்று 1943இல் அவர் கொண்டுவந்த மசோதாவுக்கு நேர்ந்ததோ இன்னும் வருத்தம் தருவது. 1947இல் அது நாடாளுமன்ற நடைமுறையைக் கடந்து சட்டமானது. ஆனால், நடைமுறைக்குக் கொண்டுவரப்படவே இல்லை.

இவை அனைத்திலும் அதிகம் பேசப்படாததும், அன்றாட வேலையோடு மிக நெருக்கமானதும் நிலையாணைகள் சட்டம். நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் தொழிலகம் ஒவ்வொன்றும் தன் பணி விதிகளை எழுத வேண்டும். தொழிலாளர் தரப்பைக் கேட்டு, சான்றளிக்கும் அதிகாரி அதை ஏற்க வேண்டும். தொழிலாளர்களின் வகைப்பாடு, வேலை நேரம், முறைமாற்றம், விடுப்பு, கூலி நாள், வேலைநீக்கம், ஒழுங்கு நடவடிக்கை, குறை சொல்லும் வழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். அவற்றை ஆங்கிலத்திலும், தொழிலாளர்களில் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் எழுதி ஆலை வாசலில் பலகையில் வைக்க வேண்டும். இந்தக் கடைசி விதியைப் படிக்கும்போதெல்லாம், வதன் ஊழியத்தின் எழுதப்படாத கட்டளைகளும், பரோடாவில் ஒரு தரப்பை மட்டும் கட்டிய உடன்படிக்கையும் நினைவுக்கு வருகின்றன. ஊழியம் என்பது தயவிலிருந்து விதிக்கு மாற வேண்டும். அந்த விதி, உழைப்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அந்த வாழ்க்கையின் நீண்ட பயணம் வந்து சேர்ந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

1946இல் நிர்வாகக் குழு கலைந்தது. அதன் பின் நடந்ததை நாடறியும். அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும், முதல் சட்ட அமைச்சராகவும் இருந்தார். இந்து சட்ட மசோதா கைவிடப்பட்ட நிலையில் 1951இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று மறைந்தார். அரசமைப்பின் 23ஆம் பிரிவு கூலியில்லா ஊழியத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. 42ஆம் பிரிவு மனிதத்தன்மையுள்ள பணிநிலைமையையும் மகப்பேறு உதவியையும், 43ஆம் பிரிவு வாழ்க்கைக்குப் போதுமான ஊதியத்தையும் அரசின் கடமையாகச் சொல்கின்றன. வதன்தாரர்களுக்காகவும் ஆலைப் பெண்களுக்காகவும் 1928இல் பேசிய குரலின் எதிரொலி அந்தப் பிரிவுகளில் கேட்கிறது.

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். நிரந்தரத் தொழிலாளிக்கு உரியவை இன்று ஓரளவு தெளிவானவை. இருபது பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் வருங்கால வைப்பு நிதி. அதற்குத் தொழிலாளியும் நிறுவனமும் பொதுவாக 12 விழுக்காடு வீதம் செலுத்த வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துகின்றன. ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை. முதல் இரு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு. தமிழ்நாட்டில் மற்றொரு பாதுகாப்பும் உண்டு. 24 மாத காலத்தில் 480 நாள்கள் தொடர் பணி செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது 1981ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம்.

ஆனால், சட்டம் வகை பிரித்த இடத்திலேயே அதைத் தாண்டும் வழிகளும் பிறந்தன. பல்லாண்டு வேலை செய்பவரைப் பதிலி என்றே பதிவேட்டில் வைத்திருப்பது ஒரு வழி. தேர்ந்த கைகளைத் தொழில் பழகுநர் என்று அழைப்பது மற்றொரு வழி. தமிழகத்தின் நூற்பாலைகள் சிலவற்றில், இளம்பெண்களை மூன்றாண்டுக்கு விடுதியில் தங்கவைத்து, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் இதன் கொடிய வடிவம். இடையில் வெளியேறியவருக்கு அந்தத் தொகை கிடைக்காது என்ற நிபந்தனை, பத்தாண்டு ஊழியம் கேட்ட பரோடா உடன்படிக்கையைவிடக் கடுமையானது.

இன்னொரு குறையும் உண்டு. நூறு பேர் என்ற வரம்புக்குள் வராதவர்களை நிலையாணைச் சட்டம் தொட்டதே இல்லை. சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் வட்டாரத்தில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிக் கூடங்களில் நான்கு பேர், ஆறு பேர் என்றே வேலை செய்கிறார்கள். நாடெங்கும் உள்ள காயங்களுக்குத் துணி தருபவர்களின் சொந்தக் காயத்துக்குப் பல நேரங்களில் காப்பீடு இல்லை.

2019, 2020ஆம் ஆண்டுகளில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. 1946ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுள் ஒன்றில் கரைந்துவிட்டது. இதில் கொள்ள வேண்டியதும் உண்டு. கவலைப்பட வேண்டியதும் உண்டு. பணி நியமனக் கடிதம் கொடுப்பது கடமையாக்கப்பட்டுள்ளது. குறித்த கால ஒப்பந்தத்தில் சேர்ந்தவருக்கும் நிரந்தரத் தொழிலாளிக்குரிய ஊதியமும் பலன்களும் உண்டு. ஓராண்டு பணியிலேயே பணிக்கொடைக்குத் தகுதி வருகிறது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், நிலையாணைகள் எழுத வேண்டிய கட்டாயம் இனி முந்நூறு பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிலகங்களுக்கே. நூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்ட ஆலைகளில், வாசல் பலகையின் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயமில்லை என்றாகிவிட்டது. குறித்த கால ஒப்பந்தத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம் என்றால், நிரந்தரம் என்ற சொல்லே மெல்ல வழக்கொழியக்கூடும்.

தொழில் நடத்துவோர்க்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பருத்தி விலையும் நூல் ஏற்றுமதியும் ஏறி இறங்கும் தொழிலில், ஆள் எண்ணிக்கையைக் கூட்டவும் குறைக்கவும் இடம் வேண்டும் என்கிறார்கள். அது மறுக்கத்தக்கதன்று. ஆனால், விதிகளை எழுதி வைப்பதற்கும் ஆள்குறைப்புக்கும் தொடர்பில்லை. எழுதிய விதி நிர்வாகத்துக்கும் பாதுகாப்பே. தகராறுகளில் பெரும்பகுதி, சொன்னது என்ன என்பதைப் பற்றியவைதாம். ஆகவே, நூறு பேர் என்ற பழைய வரம்பையாவது மாநில அரசு தன் விதிகளின் வழியே காக்க முயல வேண்டும். சிறு கூடங்களுக்கு ஒரு பக்க அளவிலான எளிய மாதிரி விதிகளைத் தமிழில் அச்சிட்டு வழங்கலாம். பள்ளியிறுதி வகுப்பிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும், பணி நியமனக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொள்வதை ஒரு பாடமாக வைக்கலாம். இவற்றுக்குப் பெரும் செலவில்லை.

வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்திடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நான் எந்த வகைத் தொழிலாளி? என் முதலாளி யார், ஆலையா, ஒப்பந்தக்காரரா? வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் என் பெயரில் எந்த எண்ணில் செலுத்தப்படுகின்றன? விலக வேண்டுமானால், அல்லது விலக்கப்பட்டால், எத்தனை நாள் முன்னறிவிப்பு? விடையை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

ஏப்ரலிலும் டிசம்பரிலும் நாம் அம்பேத்கர் சிலைக்கு மாலை அணிவிக்கிறோம். தென்மாவட்டங்களில் பல சிலைகள் கம்பிக் கூண்டுக்குள் இருப்பது நம் காலத்தின் அவலம். மாலையோடு இன்னொன்றும் செய்யலாம். அவர் சட்டமாக்கிய வாசல் பலகை நம் ஊர் ஆலைகளில் இருக்கிறதா, தமிழில் இருக்கிறதா, படிக்கும் உயரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.